கினோவாவின் கசப்பு

கினோவா சமைத்துப் பார்த்தவர்களில் பலர் முதல் தட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். கசக்கிறது, சோப்பு வாடை அடிக்கிறது என்பதுதான் புகார். அதை மறைக்க மிளகாயையும் மசாலாவையும் கூட்டுகிறார்கள். அப்படியும் கசப்பு அடங்குவதில்லை. கோளாறு தாளிப்பில் இல்லை, சரியாகக் கழுவாததில் இருக்கிறது. விதையின் மேல்தோலில் சபோனின் என்ற பொருள் உண்டு. பூந்திக்கொட்டை நுரைப்பதற்கும் இந்த வகைப் பொருள்தான் காரணம். வயலில் பறவைகளிடமிருந்து விதையைக் காப்பதும் இந்தக் கசப்புதான். பொலிவியாவில் உயுனி உப்புவெளியைச் சுற்றி, 3,600 மீட்டர் உயரத்துக்கும் மேலே கினோவா விளைவிக்கும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். விதையை வறுத்து, கல்தொட்டியில் இட்டுக் காலால் மிதித்துத் தோலைக் கழற்றி, காற்றில் தூற்றி, பல தண்ணீரில் அலசிய பிறகே அங்கே உலையில் போடுவது வழக்கம். அத்தனை பாடுபட்டு உண்ணும் உணவை, ஒரு நிமிடம் அலசச் சோம்பல்பட்டுக் குப்பையில் கொட்டுவது நியாயமே இல்லை.

இயந்திரத்தில் தோல் நீக்கித்தானே பாக்கெட்டில் வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனாலும் தோல்தூள் கொஞ்சம் விதையில் ஒட்டியிருக்கக்கூடும். அரிசி களையும் கூடையில் விதை நழுவி ஓடிவிடும். டீ வடிகட்டி போலக் கண் சிறுத்த சல்லடையில் இட்டு, குழாயடியில் விரலால் தேய்த்தால் நுரை வருகிறதா என்று தெரிந்துவிடும். நுரை அடங்கும்வரை அலசினால் போதும். கழுவினால் சத்து போய்விடாதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் இந்த விதையின் அழகே இருக்கிறது. கினோவா புல்வகைத் தானியம் அல்ல. நம் சக்கரவர்த்திக் கீரையின் நெருங்கிய உறவு. நெல்லைத் தீட்டும்போது முளைக்கரு தவிட்டோடு போய்விடுகிறது. கினோவாவிலோ முளைக்கரு மாவுப்பகுதியை வளையம் போலச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு உள்ளே இருக்கிறது. சமைக்காத 100 கிராமில் சுமார் 14 கிராம் புரதம். அதில் பெரும்பங்கு இந்த வளையத்தில்தான். அரிசி, கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் இதில் தாராளம். மேல்தோலை அலசுவதால் இவை கரைந்து ஓடிவிடாது.

அலசியதை நன்றாக வடித்து, வெறும் வாணலியில் ஈரம் போய் மணம் வரும்வரை வறுத்தால் குழையாது. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர். உப்பை அப்போதே போட்டுவிட வேண்டும், வெந்தபின் தூவினால் உள்ளே இறங்காது. சிறுதீயில் 15 நிமிடம், அடுப்பை அணைத்து மூடியபடி இன்னும் 5 நிமிடம். வளையம் பிரிந்து ஒவ்வொரு விதையிலும் வெள்ளை நூலாகத் தொங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாறும், ஒரு கரண்டி எண்ணெயில் பொரித்த சீரகமும் பூண்டும் சேர்த்துக் கிளறினால் சுவை பிடித்துக்கொள்ளும். உடம்புக்கு நல்லது என்று வாங்கியதன் மேல் மயோனைஸைக் கொட்டத் தேவையே வராது.