வில்லி அக்காவான கதை: ‘ஃப்ரோஸன்’ உலகை வென்றது எப்படி?

வால்ட் டிஸ்னி காலத்திலிருந்தே அவரது நிறுவனத்துக்குப் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்த கதை ஒன்று உண்டு. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844-ல் எழுதிய ‘பனி அரசி’தான் அது. 1940-களில் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுடன் சேர்ந்து ஆண்டர்சனின் கதைகளைத் திரைக்குக் கொண்டுவர வால்ட் டிஸ்னி போட்ட திட்டம் கைகூடவில்லை. பின்னால் வந்தவர்களும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அதே கதை 2013 நவம்பரில் ‘ஃப்ரோஸன்’ என்ற பெயரில் வெளியானது. சுமார் 15 கோடி டாலர் செலவில் உருவான படம், உலகெங்கும் ஏறத்தாழ 128 கோடி டாலர் வசூலித்தது. 2019-ல் வந்த இரண்டாம் பாகம் 145 கோடியை எட்டியது. எழுபது ஆண்டுகள் இழுபறியில் கிடந்த கதைக்கு இந்த வாழ்வு எப்படி வந்தது?

அரசிக்கு ஒரு தங்கை

மூலக்கதையில் காய் என்ற சிறுவனைப் பனி அரசி கவர்ந்து செல்கிறாள். தோழி கெர்டா அவனைத் தேடிப் போகிறாள். அரசி அழகி, ஈரமற்றவள், யாருக்கும் எட்டாதவள். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று ஆண்டர்சன் சொல்வதில்லை. படிக்கும்போது அந்த மர்மம் ருசிக்கும். ஆனால், ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அது போதாது.

இயக்குநர் கிறிஸ் பக் இந்தக் கதையைக் கையில் எடுத்தபோதும் பனி அரசியான எல்சா வில்லியாகவே இருந்தாள். கதாநாயகி அன்னாவுக்கும் அவளுக்கும் உறவு ஏதும் இல்லை. இருவரையும் அக்கா, தங்கை ஆக்கியதுதான் முதல் திருப்பம். உடன்பிறந்த சகோதரிகளோடு வளர்ந்த பெண் ஊழியர்களை ஸ்டூடியோவில் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் வீட்டுச் சண்டையையும் சமாதானத்தையும் படக்குழு கேட்டுத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது திருப்பம் ஒரு பாடல். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதி ‘லெட் இட் கோ’வை எழுதிக் கொடுத்தார்கள். பனியை உண்டாக்கும் தன் சக்தியைச் சிறுவயதிலிருந்தே மறைத்து வளர்ந்த பெண், இனி மறைக்கப்போவதில்லை என்று முடிவெடுக்கும் பாட்டு அது. கேட்டவர்களுக்கு எல்சாமீது கோபத்துக்குப் பதில் இரக்கம் வந்தது. இப்படிப் பாடுகிறவளை வில்லியாக வைத்திருக்க முடியாது என்று திரைக்கதையையே மாற்றி எழுதினார்கள். எழுத்தாளராகச் சேர்ந்த ஜெனிஃபர் லீ, இணை இயக்குநரும் ஆனார். வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸின் முழுநீளப் படத்தை இயக்கிய முதல் பெண் அவர்தான்.

அந்தப் பாடல் காட்சியை இன்னொரு முறை கவனித்துப் பாருங்கள். எல்சா முதலில் கையுறையைக் கழற்றி எறிகிறாள். மேலங்கி காற்றில் பறக்கிறது, காலடியில் பனிமாளிகை எழும்புகிறது, கிரீடமும் போகிறது. ஆனால், பாட்டு முடியும்போது மாளிகைக் கதவு படாரெனச் சாத்திக்கொள்கிறது. விடுதலையும் தனிமையும் ஒரே காட்சியில்! மீதிக் கதை அந்தக் கதவைத் திறப்பது பற்றித்தான்.

முத்தம் இல்லாத முடிவு

1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ காலம்தொட்டு, சாபம் தீர இளவரசனின் முத்தம் வேண்டும் என்பது டிஸ்னியின் எழுதப்படாத சட்டம். இங்கே பார்த்த அன்றே கல்யாணம் பேசும் இளவரசன் ஹான்ஸ், அரியணைக்கு அடிபோடும் ஆசாமி. அன்னாவை உண்மையாக நேசிக்கும் கிறிஸ்டாஃப் ஓடி வந்துகொண்டிருக்கிறான். அவள் அவனை நோக்கிப் போகாமல், அக்காவின்மீது இறங்கும் ஹான்ஸின் வாளுக்குக் குறுக்கே போய் நிற்கிறாள். எல்சாவின் சக்தி பட்டு உறைந்துகொண்டிருந்த அன்னாவின் மந்திரக்கட்டு அவிழ்வது அதனால்தான்.

சிறுமிகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். 2014-ல் உலகில் அதிகம் விற்ற இசைத்தொகுப்பு ‘ஃப்ரோஸன்’. ஜப்பானில் ரசிகர்கள் கூடவே பாடுவதற்கென்று சிறப்புக் காட்சிகள் நடந்தன. அந்நாட்டு வசூல் மட்டும் சுமார் 25 கோடி டாலர். சிறந்த அனிமேஷன் படம், சிறந்த பாடல் என இரண்டு ஆஸ்கர்களும் கிடைத்தன. இரண்டாம் பாகத்தின் தமிழ் வடிவத்தில் எல்சாவுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன்.

சாமி மக்களின் கேள்வி

படத்தின் பனிநிலம் கற்பனை என்றாலும், அதன் சாயல் வட ஐரோப்பாவைச் சேர்ந்தது. அங்கே கலைமான் மேய்க்கும் பூர்வகுடிகளான சாமி மக்கள், தங்கள் உடையையும் ‘யோய்க்’ பாடல் மரபையும் முதல் படம் எடுத்தாண்டுவிட்டு உரிய அங்கீகாரம் தரவில்லை என்று விமர்சித்தார்கள். தொடக்கப் பாடலை அமைத்தவர் சாமி மரபைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஃப்ரோதே ஃபியெல்ஹெய்ம் என்றாலும், அதிருப்தி தீரவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு முன் டிஸ்னி இறங்கி வந்தது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் சாமி நாடாளுமன்றங்களோடும் சாமி கவுன்சிலோடும் 2019-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சாமி ஆலோசனைக் குழு ஒன்று படக்குழுவோடு வேலை செய்தது. படம் வடக்குச் சாமி மொழியிலும் வெளியானது. கதைக்குள்ளும் அந்தக் கேள்வி வந்தது: நல்லெண்ணப் பரிசு என்ற பெயரில் பூர்வகுடிகளின் நிலத்தில் அரசன் ஒருவன் கட்டிய அணைதான் அந்தப் படத்தின் மையக் குற்றம்.

திரையில் விழுந்த பனி

பனியைத் தத்ரூபமாகக் காட்ட, டிஸ்னியின் வல்லுநர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு கணினி முறையை உருவாக்கினார்கள். பனி சில நேரம் கட்டியாக உடையும், சில நேரம் நீர்போல வழியும். இரண்டையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்ததுதான் அதன் சிறப்பு. படத்தைப் பார்த்து வியந்த சுவிட்சர்லாந்து பனிச்சரிவு ஆய்வாளர் யோஹான் கோம், அந்தக் கணிப்பொறி நுட்பத்தைக் கேட்டு வாங்கினார். 1959-ல் ரஷ்யாவின் யூரல் மலையில் ஒன்பது மலையேறிகள் மர்மமாக இறந்ததற்குச் சிறு பனிப்பாளச் சரிவு காரணமாக இருந்திருக்கலாம் என்று அவரும் அலெக்சாண்டர் புஸ்ரினும் 2021-ல் வெளியிட்ட ஆய்வுக்கு அதுவும் உதவியது.

வெற்றியின் சுமை

பாவாடை முதல் பால்புட்டி வரை எல்சா முகம் ஏறியதும் சலிப்பு எட்டிப்பார்த்தது. 2017-ல் ‘கோகோ’ படத்துக்கு முன்னால் ‘ஃப்ரோஸன்’ பனிமனிதன் ஓலஃபின் 21 நிமிடக் குறும்படத்தைச் சேர்த்துக் காட்டியபோது ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். மெக்சிகோ திரையரங்குகள் அதைத் தூக்கியே விட்டன. இளவரசியின் பழைய சட்டங்களை மீறினாலும், எல்சாவின் ஒல்லி இடையும் பெரிய கண்களும் பழைய பொம்மை அச்சில் வார்த்தவைதான் என்ற விமர்சனமும் நியாயமானது.

மூன்றாம் பாகம் 2027 நவம்பரில் வரும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. முதல் படம் ஜெயித்தது, டிஸ்னி தன் சொந்தச் சூத்திரத்தைக் கிழித்துப் போட்டதால். இன்று ‘ஃப்ரோஸன்’ என்பதே ஒரு சூத்திரமாகிவிட்டது. அதையும் கிழிக்கும் துணிச்சல் படக்குழுவுக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வெற்றி அமையும்.