நெப்ராஸ்கா: கேசட்டிலிருந்து பிறந்த இசைத்தட்டு

டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144, நான்கு தடக் கேசட் பதிவுக் கருவி. 1979இல் சந்தைக்கு வந்தது. சாதாரணக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள். இக்கருவி நான்கையும் ஒரே திசையில், இரு மடங்கு வேகத்தில் ஓட்டியது.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில், வாடகை வீட்டுப் படுக்கையறையில், இவ்வகைக் கருவியில் பாடிப் பதிந்தார். இரண்டு ஷூர் மைக்குகள். அவற்றுக்கு முன் குரலும் கிட்டாரும். மிஞ்சிய தடங்களில் ஹார்மோனிகா, மாண்டலின், பின்குரல். தன் இசைக்குழுவுக்குப் பாட்டைக் காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான் நோக்கம். அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்!

பிறகு நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில் தன் ஈ ஸ்ட்ரீட் குழுவோடு அதே பாடல்களை முயன்றார். வாசிப்பில் குறையில்லை, ஆனால் கொலையாளிகளும் வேலையிழந்தவர்களும் தனியே பேசும் அந்தக் கதைகளின் இறுக்கம் போய்விட்டது. கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாக வெளியிடுவதென்று முடிவாயிற்று. அதிலிருந்த மெல்லிய, இரைச்சல் கலந்த ஒலியை இசைத்தட்டில் வெட்டுவதற்குள் பொறியாளர்கள் திணறிப்போனார்கள். ஸ்டுடியோ மெருகு ஏறியிருந்தால் இந்த ஆல்பம் கெட்டிருக்கும் என்பதே எங்கள் எண்ணம்.

கொலம்பியா நிறுவனம் 1982 செப்டம்பர் 30 அன்று பத்துப் பாடல்களுடன் இதை வெளியிட்டது. இதற்கெனக் கச்சேரிப் பயணம் எதுவும் நடக்கவில்லை. அதே கேசட்டில் இருந்து, அப்போது ஒதுக்கப்பட்ட ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ பாடல் 1984இல் முழுக் குழுவின் வாசிப்போடு வெளிவந்தது.