நமக்குப் பின் யார் பார்ப்பது?

சிறப்புக் குழந்தைகளைப் பற்றிப் பேசினால் பேச்சு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது தாய்க்கு எழுபதைத் தொட்டிருக்குமே!

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் இதற்கு வழி இருந்தது. தாய் பால்மரம் வெட்டப் போனால் கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை. வளர்ந்த பிள்ளை லயத்தில் திரிந்தாலும் அக்கம்பக்கத்தார் ஒரு கண் வைத்திருப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான் வீடுகளுக்கு வந்தபின் அந்தத் துணை போயிற்று. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சமூகநல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை எடுங்கள். சமூக மறுவாழ்வு மையம், அதாவது பிடிகே, 1984இல் திரெங்கானுவில் தொடங்கியது. இன்று நாடெங்கும் உண்டு. வளர்ந்த பிள்ளைக்கும் இடம் கேளுங்கள்.

சொக்சோ விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தகுதிபெறும் அளவு சந்தா கட்டிய தகப்பனார் இறந்தால், வாரிசுப் பென்ஷன் பிள்ளைகளுக்குப் பொதுவாக 21 வயதுவரைதான். உடல் அல்லது மனக் குறையால் சுயமாகப் பிழைக்க இயலாத பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. மருத்துவச் சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வீடு, சேமிப்பு இருந்தால் அமானா ராயாவிலோ வழக்கறிஞரிடமோ உயில், அறக்கட்டளை பற்றிக் கேளுங்கள். பணம் யார் கையில் இருக்கும், பிள்ளை யார் வீட்டில் இருக்கும் என்பவை வெவ்வேறு கேள்விகள்.

"மூத்தவன் பார்த்துக்கொள்வான்" என்று மனத்துக்குள் முடிவு கட்டாதீர்கள். மகனையும் மருமகளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பிள்ளை சாப்பிடும் மாத்திரை, பிடித்த சாப்பாடு, எதற்குப் பயப்படும் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.