மறைந்த ஒளிக்கோடு

பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி தானே பழுதாகிவிட்டால் அதை எந்தக் கருவியைக் கொண்டு சோதிப்பது என்ற கேள்வி, கேட்கும்போது வெறும் தர்க்க விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் மின்சார அலைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் பழைய ஆஸிலோஸ்கோப் ஒன்று, பல ஆண்டு உறக்கத்துக்குப் பிறகு, திரை இருண்டு மேஜைமீது வந்து அமரும் வேளையில், அதன் மூடியைக் கழற்றுகிறவன் முதலில் விடை காணவேண்டிய கேள்வி அதுவே. அந்த விடையைச் சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளிலேயே கருவிக்குள் வைத்து அனுப்பியவர்கள், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கிய டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார்.

அந்த நிறுவனம் போர்ட்லாந்து நகரில் 1946-ஆம் ஆண்டு தோன்றியது. தோற்றுவித்த நால்வரில் ஹோவர்ட் வோலம் யுத்த காலத்தில் ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். ஜாக் மர்டாக் ரேடியோக் கடை நடத்தியவர். 1947-இல் வெளிவந்த அவர்களுடைய 511 என்ற ஆஸிலோஸ்கோப்பில் ஒரு விசேஷம் உண்டு. திரையின் குறுக்கே ஓடும் ஒளிப்புள்ளி அதில் தன்னிச்சையாக ஓடுவதில்லை. பார்க்கவேண்டிய அலை குறிப்பிட்ட ஒரு நிலையை எட்டும் க்ஷணத்தில்தான் தன் ஓட்டத்தைத் தொடங்குகிறது. அதனால் வினாடிக்குப் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப வரும் அலையும், ஒவ்வொரு முறையும் அதே தடத்தில் விழுந்து, வரைந்து மாட்டிய சித்திரம்போல் அசையாது நிற்கிறது. ஐம்பதுகளின் நடுவில் வந்த 545 இந்த வம்சத்தின் மகத்தான யந்திரம்: பல டஜன் வால்வுகள், ஏறத்தாழ 30 கிலோ எடை, வினாடிக்கு மூன்று கோடி அதிர்வுகள் வரை காட்டும் ஆற்றல், படக்குழாயில் எலெக்ட்ரான்களை உந்துவதற்கு ஏறத்தாழ 10,000 வோல்ட்.

இத்தகைய கருவி கைக்கு வந்ததும், ஆவல் மிகுதியால் உடனே மின்சாரம் கொடுத்துவிடுவது பெருந்தவறு. அதனுள் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிடிக் கண்டென்ஸர்களில், அலுமினியத் தகட்டின்மீது படர்ந்த மிக மெல்லிய ஆக்ஸைடு படலமே மின்சாரம் ஒழுகாமல் தடுக்கும் சுவர். நெடுங்காலம் உபயோகமின்றிக் கிடந்தால் அந்தச் சுவர் நலிந்துவிடும். திடீரென்று முழு அழுத்தமும் தாக்கினால் உடைந்து, கண்டென்ஸர் கொதித்து, தன்னோடு டிரான்ஸ்பார்மரையும் கெடுக்கும். ஆகவே பொறுமையுள்ளவர்கள், வெளியிலிருந்து ஒரு மின்வழங்கியை ஒரு ரெஸிஸ்டரின் வழியாக இணைத்து, மணிக்கணக்கில் சிறுகச் சிறுக வோல்ட்டை உயர்த்துவார்கள். படலம் தானே மறுபடி வளர்ந்து தடிக்கும். ஒழுக்கு நாழிகைக்கு நாழிகை குறைவதை மீட்டரின் முள் சொல்லும். இவ்வளவு செய்தும் ஒழுக்கு குறையாத கண்டென்ஸரிடம் இரக்கம் காட்டக்கூடாது, அதை மாற்றிவிடவேண்டியதுதான். செலீனியம் தகடுகளை அடுக்கிய ரெக்டிபையர் உள்ள கருவிகளில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அது கருகும்போது எழும் அழுகல் நாற்றம் அருவருப்பானது மட்டுமன்று, விஷமும் ஆகும்.

அதன்பின் தொடவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. 545-க்குள் ஐந்து வகையான மின்னழுத்தங்கள் ஸ்திரமாக நிறுத்தப்படுகின்றன: −150, +100, +225, +350, +500 வோல்ட். இவற்றுள் −150 மற்றவற்றுக்கெல்லாம் தாய். ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த வாயு, மின்சாரம் பாயும்போது மங்கலாக ஒளிர்ந்து, தன் இரு முனைகளுக்கும் இடையே ஏறத்தாழ 87 வோல்ட்டை மாறாமல் காக்கிறது. அந்த மாறாமையை அளவுகோலாகக் கொண்டு −150 நிலைக்கிறது. அதனுடன் ஒப்பிட்டே ஏனைய நான்கும் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. −150 இரண்டு வோல்ட் பிசகினால் கருவி முழுவதும் பிசகும்; ஓட்டத்தின் வேகம், அலையின் உயரம், புள்ளியின் இடம் யாவும் ஏககாலத்தில் பொய்யாகும். இதை அறியாமல் திரையில் தெரியும் கோளாறுகளை ஒவ்வொன்றாகத் துரத்துகிறவன், வேரில் நீரின்றி வாடும் மரத்தின் இலைகளைத் துடைக்கிறவனே ஆவான். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்ஸர்களில் உயிரைக் குடிக்கும் அளவு மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை வடித்துவிடாமல் உள்ளே விரல் வைக்கலாகாது. ஓடும் கருவியில் அளக்கும்போதோ ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது இத்தொழிலின் பழைய ஆசாரம்.

சூக்ஷ்மமான பழுது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வால்வின் ஆனோடையும் அடுத்த வால்வின் கிரிடையும் இணைக்கும் காகிதக் கண்டென்ஸர், அலையை மட்டும் விட்டு, நிலையான அழுத்தத்தைத் தடுக்கவேண்டும். காகிதத்தில் ஈரம் ஏறினால் அணுவளவு மின்சாரம் ஒழுகத் தொடங்கும். ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒழுகினாலும், கிரிடில் இருக்கும் பத்து லட்சம் ஓம் ரெஸிஸ்டரில் அது ஒரு வோல்ட்டை உண்டாக்கிவிடும். இரண்டு மூன்று வோல்ட் எல்லைக்குள் வாழும் வால்வுக்கு அந்த ஒரு வோல்ட் பேரிடி. இக்கண்டென்ஸரைக் கழற்றிச் சாதாரண மல்டிமீட்டரால் பார்த்தால் குற்றமற்றதாகவே தெரியும், ஏனெனில் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். அது உழைக்கும் நூறு இருநூறு வோல்ட்டில் வைத்துச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும்.

ஒளிக்கோடே காணவில்லை என்றால்? எலெக்ட்ரான் கற்றை பிறக்கவில்லையா, பிறந்தும் திரைக்கு அப்பால் தள்ளப்பட்டுவிட்டதா என்பதே முதல் வினா. இந்த இரண்டையும் பிரித்தறியும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அலையைப் பெருக்கும் பகுதி ஆதியிலிருந்து அந்தம்வரை இரட்டையாக ஓடுகிறது; ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். படக்குழாயில் புள்ளியை மேலும் கீழும் இழுக்கும் இரு தகடுகளையும், நன்கு காப்பிட்ட ஒரு கம்பியால் ஒரு க்ஷணம் சேர்த்தால், இரண்டும் சமமாகிப் புள்ளி நடுவுக்கு வந்தாகவேண்டும். வந்துவிட்டால் குழாய் நிரபராதி. பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் சென்று, அந்தந்தப் படியின் இரு பக்கங்களையும் அவ்வாறே சேர்த்துக்கொண்டு போனால், எந்த இடத்தில் சேர்த்தும் புள்ளி நடுவுக்கு வர மறுக்கிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் இடையே குற்றவாளி ஒளிந்திருக்கிறான். பெரும்பாலும் அது நலிந்த ஒரு வால்வு, அல்லது ஈரம் உறிஞ்சித் தன் மதிப்பினின்று உயர்ந்துவிட்ட ஒரு கார்பன் ரெஸிஸ்டர்.

மாற்றும் வேலையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கருவிகளில் உறுப்புகள் பள்ளங்கள் வெட்டிய பீங்கான் பட்டைகளில் பொருத்தப்பட்டிருக்கும். பள்ளங்களில் வெள்ளி பதிந்திருக்கும். சாதாரண ஈயப்பற்று அந்த வெள்ளியைக் கரைத்துக் கரைத்து ஒருநாள் பள்ளத்தை வெறும் பீங்கானாக்கிவிடும் என்பதால், 3 சதவிகிதம் வெள்ளி கலந்த பற்றையே பயன்படுத்தவேண்டும். அந்தப் பற்றுக்கம்பியைச் சிறு சுருளாகச் சுற்றி, என்றோ, எங்கோ, முகமறியாத ஒருவன் இதைப் பழுதுபார்ப்பான் என்று எண்ணி, நிறுவனத்தார் கருவிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எத்தகைய மரியாதை! அறுபது ஆண்டுகளுக்குப் பின் மூடியைத் திறக்கிறவனுக்கு அச்சுருள் இன்றும் அங்கே கிடைப்பதுண்டு. தூசு மண்டிய கருவியை மென்மையான சோப்பு நீரால் கழுவி, இளஞ்சூட்டில் முழுதும் உலர்த்துவதும் அவர்களுடைய பழுதுபார்க்கும் நிலையங்களில் வழக்கமாயிருந்தது.

மனிதர் செய்ததில் குறையும் இருந்தது. பின்னால் 1964-இல் வந்த 547-இன் உயரழுத்த டிரான்ஸ்பார்மரைப் பொதிந்த பிசின், காலப்போக்கில் கெட்டு, சூடேறியதும் சக்தியை விழுங்கத் தொடங்கும். கோடு சில நிமிஷம் பிரகாசமாக நின்று, பிறகு மங்கி மறையும். அதற்குப் புதிதாக டிரான்ஸ்பார்மர் சுற்றுவதைத் தவிர வேறு மார்க்கமில்லை, சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 545-இன் முகப்பிலேயே, உயரம் தெரிந்த சதுர அலையொன்றைத் தரும் அளவீட்டுப் பகுதி இருக்கிறது. அதை நிறுத்திவைத்து உள்ளே ஒரு குறிப்பிட்ட முனையில் நல்ல வோல்ட்மீட்டரை வைத்தால் 100 வோல்ட் காட்டவேண்டும். இல்லையேல் ஒரு திருகாணியைத் திருப்பி அதைக் கொண்டுவரலாம். அந்த நூறு +100-ஐ நம்பியது, +100 அந்த −150-ஐ நம்பியது. பிறகு அதை இயக்கி, வெளிவரும் அலையை ஒரு சிறு கம்பியால் அக்கருவியின் வாய்க்கே கொடுத்தால், தன் திரையில் தன் அலையை அது தானே வரைகிறது. சதுரத்தின் மேல்மூலை சற்று மழுங்கியிருக்கும். முகப்புக்குப் பின்னால் உள்ள சிறிய டிரிம்மரை மெதுவாகத் திருகத் திருக, மழுங்கல் நிமிர்ந்து, கூர்மையாகி, கோடு சமதளமாகப் படுத்துக்கொள்ளும்.