மழைக்காலத்தில் கோழிக்குஞ்சுகளுக்குக் கதகதப்பான சிக்கனக் கூடு

திருநெல்வேலிச் சீமையில் சித்திரை, வைகாசி மாதங்கள் கோயில் கொடைக் காலம். அப்போது நாட்டுச் சேவலுக்கு நல்ல விலை கிடைக்கும். நாட்டுக்கோழி விற்பனைக்குத் தயாராக ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே கொடைக்கு விற்க வேண்டிய சேவல் ஐப்பசி, கார்த்திகையில் பொரித்த குஞ்சாக இருக்க வேண்டும். ஆனால் ராதாபுரம் வட்டாரத்தில் மழை பெய்வதும் அந்த மாதங்களில்தான். நல்ல விலைக்கு விற்க வேண்டிய குஞ்சுகளில் பல மழையிலேயே செத்துப் போகின்றன. இந்த இழப்பின் பெரும்பகுதியைக் குறைந்த செலவில் தடுக்க முடியும்.

குளிரே முதல் எதிரி

குஞ்சுகள் சாகத் தொடங்கியதும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். முதல் இரண்டு வாரங்களில் ஏற்படும் சாவுக்குப் பெரும்பாலும் குளிரே காரணம். வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி சென்டிகிரேடு. சுற்றுப்புறம் குளிர்ந்தாலும் கோழி அதைக் காத்துக்கொள்ளும். பொரித்த சில நாட்களுக்குக் குஞ்சுக்கு அந்தத் திறன் இல்லை. உடம்பில் இறகு கிடையாது, மென்மயிர் மட்டுமே உண்டு. ஆமை, ஓணான் போல அதுவும் வெளிச் சூட்டை நம்பியே உயிர் வாழ்கிறது.

தாய்க்கோழி தன் இறக்கைக்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளை அணைத்துக் காக்கும். பொரிப்பகத்திலிருந்து வாங்கி வரும் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. அந்தச் சூட்டை வளர்ப்பவரே கொடுக்க வேண்டும். முதல் வாரம் 35 டிகிரியும், இரண்டாம் வாரம் 32 டிகிரியும், மூன்றாம் வாரம் 29 டிகிரியும், நான்காம் வாரம் 26 டிகிரியும் தேவை. கார்த்திகை இரவில் வெளியே 23 டிகிரி அளவே இருக்கும். மனிதருக்கு அது இதமான குளிர். ஒரு நாள் குஞ்சுக்கு உயிர் போகும் குளிர்.

கூடு கட்டும் முறை

ஐம்பது குஞ்சுகளை நான்கு வாரம் வரை வளர்க்க 5 அடி நீளம், 5 அடி அகலமுள்ள கூடு போதும். குஞ்சு ஒன்றுக்கு அரை சதுர அடி என்பது கணக்கு. மேட்டுப்பாங்கான இடத்தைத் தேர்ந்தெடுத்து, கல்லும் செம்மண்ணும் இட்டுத் தரையை ஓர் அடி உயர்த்திக் கெட்டிக்க வேண்டும். தரை ஈரமானால் மேலே எவ்வளவு சூடு கொடுத்தாலும் பயனில்லை.

சுவரை ஓர் அடி உயரத்துக்கு மண்ணாலோ செங்கல்லாலோ எழுப்பி, அதற்கு மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடிக்கலாம். பாம்பு, கீரி, எலி ஆகியவை நுழையாமல் இருக்க இந்த வலை அவசியம். கூரைக்குப் பனங்கையும் பனை ஓலையுமே நல்லது. இவை இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைப்பவை. தகரத்தைப் போலப் பகலில் கொதித்து இரவில் குளிர்வதும் இல்லை. சாரல் அடிக்காதபடி இறவாரம் இரண்டடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று பலமாக வீசும். ஆகவே கதவைத் தெற்குப் பக்கம் வைப்பது சிறந்தது. வலையின் மேல் சாக்குப் படுதா கட்டும்போது கீழிருந்து மேலாக மூடி, உச்சியில் அரையடி இடைவெளி விட வேண்டும். முழுவதும் அடைத்துவிட்டால் எச்சத்திலிருந்து எழும் காரநெடி வெளியேறாமல் குஞ்சுகளின் மூச்சைப் பாதிக்கும். குஞ்சின் மேல் காற்று படக்கூடாது. கூட்டுக்குள் காற்று தேங்கவும் கூடாது.

தரையில் இரண்டு அங்குலக் கனத்துக்கு உமி அல்லது கடலைத்தோல் பரப்பி, முதல் மூன்று நாட்களுக்கு மேலே செய்தித்தாள் விரிக்க வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் உமியைத் தின்றுவிடும். 10 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தினால் மூன்றடி அகலமுள்ள தடுப்பு கிடைக்கும். வட்டத்தில் மூலை கிடையாது. ஆகவே குஞ்சுகள் மூலையில் குவிந்து மிதிபட்டுச் சாவதில்லை. ஒரு வாரத்துக்குப் பின் தடுப்பை அகற்றிவிடலாம்.

எந்தப் பல்பு?

குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் வீதம் ஐம்பது குஞ்சுகளுக்கு 100 வாட் தேவை. ஒரே பல்பைவிட 60 வாட் குண்டு பல்பு இரண்டு போடுவது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று எரியும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பழைய தகரத் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் கீழ் பல்பைத் தொங்கவிட்டால் சூடு கீழ்நோக்கித் திரும்பும்.

இங்கே பலர் ஏமாறுகின்றனர். இப்போது வீடுகளில் எரிவது எல்.இ.டி. பல்பு. அது வெளிச்சம் தரும். குஞ்சுகளுக்குப் போதிய சூடு தராது. இரவெல்லாம் விளக்கு எரிந்தும் காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். குண்டு பல்பு கிடைக்காவிட்டால் கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் 150 வாட் அகச்சிவப்பு பல்பு வாங்கலாம். அதைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பீங்கான் ஹோல்டரில் மாட்டி, கம்பியாலோ சங்கிலியாலோ கட்ட வேண்டும். மின்வயரிலேயே தொங்கவிட்டால் அறுந்து உமியில் விழுந்து தீப்பற்றும்.

60 வாட் பல்பு இரண்டும் முதல் வாரம் இரவும் பகலும், அடுத்த இரண்டு வாரம் இரவில் மட்டும் 12 மணி நேரமும் எரிந்தால் மொத்தம் 40 யூனிட் மின்சாரம் செலவாகும். குஞ்சுகள் வருவதற்கு முந்தின நாளே பல்பை எரியவிட்டுக் கூட்டைச் சூடாக்கி வைக்க வேண்டும்.

குஞ்சுகளே வெப்பமானி

வெப்பமானி இல்லாதவர்கள் குஞ்சுகளைப் பார்த்தே அறியலாம். பல்பின் கீழ் நெருங்கிக் குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை. பல்பைத் தாழ்த்த வேண்டும். தடுப்பின் ஓரம் ஒதுங்கி, வாய் திறந்து இளைத்தால் சூடு அதிகம், உயர்த்த வேண்டும். ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று நுழைகிறது. அந்த இடத்தை அடைக்க வேண்டும். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சூடு சரி. இரவு படுக்கும் முன் ஒருமுறையும், குளிர் மிகுந்த விடியலுக்கு முன் ஒருமுறையும் பார்ப்பது அவசியம்.

மின்சாரம் நின்றால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது பல ஊர்களில் மின்சாரம் நின்றது. இதற்கு முன்னேற்பாடு வேண்டும். மணலை நன்றாக வறுத்து மண்பானையில் இட்டு, வாயை மூடி, சாக்கைச் சுற்றி நடுவில் வைக்கலாம். குடத்தில் வெந்நீர் நிரப்பியும் இவ்வாறே வைக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும். மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உச்சியில் வழி விட்டுச் சாக்கால் போர்த்தினால் சூடு நெடுநேரம் நிற்கும். கரிக்கங்குச் சட்டியை மூடிய கூட்டுக்குள் வைக்கவே கூடாது. அதன் நச்சுக்காற்றுக்கு நிறமோ மணமோ இல்லை. குஞ்சுகளை வீட்டுக்குள் வைத்திருந்தால் அது அங்கு தூங்கும் மனிதர் உயிரையும் வாங்கிவிடும்.

தீனியும் தடுப்பு மருந்தும்

வந்தவுடன் காய்ச்சி ஆறிய நீரில் சிறிது கருப்பட்டி கரைத்துக் கொடுத்து, பின்னர் அரிசிக் குருணையோ உடைத்த கம்போ தாளில் தூவ வேண்டும். மூன்றாம் நாள் முதல் குஞ்சுத் தீவனம் கொடுக்கலாம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். சூடு கொடுப்பது தடுப்பு மருந்துக்கு மாற்று ஆகாது. மேல்விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம்.

கூடு கட்ட இயலாதவர்கள் மழைக்காலத்தில் குஞ்சு வாங்காமல், மார்கழிக் கடைசியில் அடைவைப்பது நல்லது. 21 நாளில், தை மூன்றாம் வாரத்தில், வெயில் ஏறும்போது குஞ்சு பொரிக்கும். ஆனால் கொடைக்காலச் சந்தை அவர்களுக்குக் கிடைக்காது. ஓலையும் மண்ணும் சாக்கும் இரண்டு பல்பும் கொண்டு மழைக்கு முன்னே, புரட்டாசியிலேயே கூட்டைக் கட்டி முடிப்பவர்களுக்கு அது கிடைக்கும்.