தாய்முகம் காணாத குஞ்சுகள்

ஆமை தன் குஞ்சின் முகம் பார்ப்பதில்லை. அதனை அன்பற்ற ஜந்து என்று இகழுமுன், அது செய்துவைக்கும் ஏற்பாடுகளைச் சற்றே கவனிப்போமாக.

சென்னைக் கடற்கரைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அவற்றின் சேர்க்கை நிகழ்வது கடல் நீரில். ஆண் ஆமை வளைந்த நகங்களால் பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொள்ளும். பெண் ஆமை ஆண்கள் பலருடன் கூடுவதுண்டு. பெற்ற விந்தை உடலில் சேமித்து வைக்கவும் வல்லது. ஆதலின் ஒரே குழியின் குஞ்சுகளுக்குத் தந்தையர் இருவர், மூவர் இருத்தலும் கூடும்.

இரவில் கரையேறி, பின்கால்களால் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இட்டு, மணலால் மூடிவிட்டுத் தாய் திரும்புகிறது. இத்தனை முட்டைகள் ஏன்? நாயும் நண்டும் பறவையும் மீனும் தின்றது போக, பெரிதாகி வளர்வன மிகச் சிலவே.

எஞ்சிய வேலையைச் சூரியன் ஏற்கிறான். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கும். மணல் குளிர்ந்திருப்பின் ஆண், சூடேறியிருப்பின் பெண். பூமியின் உஷ்ணம் ஏறிவரும் இந்நாளில் ஆண் இனம் அருகிவிடுமோ என்று அறிஞர் அஞ்சுகின்றனர்.

அதனினும் கொடியது இழுவலை. அதில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர இயலாது மாள்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமை தப்பிச் செல்ல வலையில் வாயில் வைக்கும் சாதனம் உண்டு. அதனைப் பொருத்துவதே குறை.

1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர். நம் பிள்ளைகளையும் ஓர் இரவு அவர்களுடன் அனுப்புவோமாக. தாய் நம்பி விட்டுச் சென்ற கரை நம்முடையதன்றோ?