நிலவறைச் சலவைக்கூடம்

தென் ஜெர்மனியில் நான் படித்த காலத்தில் தங்கியிருந்த மாணவர் விடுதியின் நிலவறையில், தாழ்ந்த கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்ட ஓர் அறையில், மூன்று சலவை யந்திரங்களும் இரண்டு டிரையர்களும் சுவரோரமாக நின்றன. ஏறத்தாழ நூறு பேருக்கு அவையே கதி. அத்தகைய அறையை ஜெர்மானியர் ‘வாஷ்க்யூஹெ’ என்பார்கள். சலவைச் சமையலறை என்பது அதன் பொருள். அடுப்பு மூட்டிப் பெரிய கொப்பரையில் வீட்டுத் துணிகளையெல்லாம் கொதிக்க வைத்த காலத்தின் ஞாபகம் அந்தப் பெயரில் இன்னும் தங்கியிருக்கிறது. கொப்பரை போய் யந்திரம் வந்து நெடுங்காலம் ஆகியும், ஞாயிற்றுக்கிழமை அமைதிக்குரிய நாளாதலால் யந்திரத்தை ஓட்டலாகாது என்ற விதி ஒருபுறமும், சனிக்கிழமை விடியற்காலையிலேயே கூடைகளோடு கூடிவிடும் கூட்டம் ஒருபுறமுமாக, அந்த அறையில் மாணவர்கள் வாரந்தோறும் பட்ட அவஸ்தைக்கு முடிவு வந்தபாடில்லை. இதற்குக் காரணம் இன்னார் என்று ஒருவரை ஒருவர் நொந்துகொண்டிருந்த எங்களுக்கு, அந்த வெள்ளைப் பெட்டிக்குள் நடப்பது என்னவென்று யாரும் சொல்லித் தரவில்லை.

அழுக்கு நீங்குவதற்கு நான்கு காரணங்கள் வேண்டும் என்றும், அவை ரசாயனம், உஷ்ணம், அசைவு, காலம் என்றும் 1959-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய ரசாயன நிபுணர் வகுத்துச் சொன்னார். இந்நான்கையும் ஒரே வட்டத்தின் நான்கு துண்டுகளாக வரைந்து காட்டுவது வழக்கம். ஒரு துண்டைச் சிறிதாக்கினால், வட்டம் நிரம்புவதற்கு மற்றொன்று பெரிதாகியே தீர வேண்டும். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர், உவர்மண் கரைத்த நீரில் துணியை முக்கியெடுத்து, வெள்ளாவிப் பானையின்மேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, பொழுது விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைத்தபோது, காரமும் சூடும் அடியும் பொழுதுமாக அதே நான்கையும்தான் கையாண்டார்கள். அந்த வித்தையைப் பள்ளிக்கூடம் எதுவும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை என்பதை நினைக்கையில் எனக்கு அவர்கள்பால் மரியாதை பெருகுகிறது.

யந்திரத்தில் கல்லின் வேலையைச் செய்வது டிரம். துளைகள் நிறைந்த அந்த எஃகு உருளையின் உட்புறத்தில் வரப்புகளைப்போல் எழுந்து நிற்கும் விளிம்புகள், துணியை மேலே தூக்கிச் செல்கின்றன. உச்சியை அணுகியதும் துணி தன் கனத்தால் பிரிந்து, கீழே தேங்கிய சோப்பு நீரில் அறைந்து விழுகிறது. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள டிரம், நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று அளவில் சுழலும்போது இது நிகழும். அறுபதைத் தாண்டினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழவே விழாது. ஒரு டோக்கனுக்குள் இரண்டு வாரத்துத் துணியையும் அடைத்துவிட வேண்டும் என்று முழங்காலால் உந்தித் திணிக்கும் மாணவன், காசை மிச்சப்படுத்துவதாக எண்ணி, துணி விழுவதற்கு வேண்டிய வெற்றிடத்தை இல்லாமற் செய்துவிடுகிறான். அதனால் வட்டத்திலிருந்து அசைவு என்ற துண்டு போய்விடுகிறது. துணியும் உள்ளே போன நிறத்திலேயே வெளியே வருகிறது.

ஆயினும் எங்கள் துன்பத்தின் மூலகாரணம் காலம் என்ற துண்டில் இருந்தது. ஐரோப்பிய யந்திரங்களிற் பெரும்பாலானவை குளிர்ந்த நீரை மட்டுமே உள்வாங்கி, அடியிலுள்ள ஹீட்டரால் தாமே அதைச் சூடாக்கிக்கொள்கின்றன. குளிர்காலத்தில் குழாய் நீர் 10 டிகிரிக்கு வந்துவிடும். அதில் 15 லிட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற, 2 கிலோவாட் ஹீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். மின்சாரச் செலவிற் பெரும்பகுதி இப்படிச் சூடேற்றுவதில் போவதால், அதைக் குறைக்க விரும்பிய பொறியாளர்கள், உஷ்ணத்தைத் தாழ்த்திக் காலத்தை நீட்டினார்கள். ‘ஈக்கோ’ என்று எழுதியிருக்கும் சிக்கனச் சலவை மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடுவதன் ரகசியம் இதுவே. தனிக் குடும்பத்துக்கு இது உத்தமமான ஏற்பாடு. இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடலாம். அங்கே காலம் விலையில்லாதது. நூறு பேர் மூன்று யந்திரங்களுக்குக் காத்து நிற்கும் நிலவறையிலோ மிகவும் அருமையான பொருள் காலம்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தோடு ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்த, அவருக்குப் பின்னால் நின்றவர்களின் அரைநாள் கரைந்துபோகும். இதை நான் அறிந்துகொண்ட பிறகு அவர்களில் ஒருவர்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வீட்டுக்கென்று வகுத்த யந்திரத்தை ஊருக்கெல்லாம் பொதுவாக வைத்ததில்தான் குற்றம் என்பது என் துணிபு.

சலவை முடிந்து விளக்கு அணைந்த பின்னும் கதவு திறவாமல் இருப்பது மற்றொரு சங்கடம். கதவின் பூட்டுக்குள் இருவேறு உலோகங்களைச் சேர்த்துச் செய்த சிறு தகடொன்று உண்டு. யந்திரம் ஓடும்போது அது சூட்டால் வளைந்து பூட்டைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டம் நின்றபின் ஆறி நிமிர்ந்தால்தான் விடும். இரண்டு நிமிஷம் பொறுத்தால் தானே திறக்கும் கதவை, அவசரக்காரர்கள் பலங்கொண்டு இழுத்துப் பிடியை முறித்துவிடுவார்கள். பிறகு பழுது பார்க்க ஆள் வரும்வரை மூன்று யந்திரம் இரண்டாகிவிடும்.

அம்மா கொடுத்தனுப்பியிருந்த எட்டு முழ வேட்டியை முதன்முதலாக அந்த யந்திரத்தில் இட்ட நாளை நான் மறக்கவில்லை. சுழற்சியில் வேட்டி வடமாக முறுக்கிக்கொண்டு, சட்டைகளையும் துண்டையும் தன்னுள் சுருட்டி ஒரே உருண்டையாக்கிவிட்டது. டிரம்மின் ஒரு பக்கத்தில் மட்டும் கனம் சேர்ந்தால், வேகமாகச் சுழலும்போது யந்திரமே குலுங்கிப் பெயரும். ஜெர்மனியில் 1951-இல் வெளிவந்த ‘கான்ஸ்ட்ரக்டா’ என்ற முதல் தானியங்கி யந்திரத்தைத் தரையோடு பிணைத்து நிறுத்த வேண்டியிருந்தது இதனால்தான். இக்காலத்து யந்திரத்தில் தொட்டியை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டு, கனத்த கான்கிரீட் பாளங்களையும் பூட்டியிருக்கிறார்கள். அப்படியும் சமநிலை கூடாவிட்டால், சில தடவை முயன்று பார்த்துவிட்டு, பிழியாமலே நின்றுவிடும். சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு ஐந்து மாடி ஏறிய அன்று, யந்திரம் பழுதென்றே நான் நம்பினேன்.

பிழிதல் அற்ப காரியமன்று. நிமிஷத்துக்கு 1,400 சுற்றில் துணியின்மேல் விழும் விசை, பூமியின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. ஐந்து கிலோ பருத்தித் துணி அவ்வேகத்தில் சுமார் இரண்டரை லிட்டர் நீரோடு வெளிவரும். 800 சுற்றில் நிறுத்தினால் மேலும் ஒரு லிட்டர் அதில் தங்கிவிடும். அந்த ஒரு லிட்டரை ஆவியாக்க வேண்டிய உஷ்ணம் 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமானம். டிரையரில் இரண்டு டோக்கன் போட்டும் காயவில்லையே என்று வருந்தியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிழிந்த வேகத்தை; அடுத்துப் பார்க்க வேண்டியது, முன்னே போனவர் எடுக்காமல் விட்ட பஞ்சுப் படலம் மூடிக் கிடக்கும் வடிகட்டியை. காற்றோட்டம் அடைபட்டால் எத்தனை உஷ்ணமிருந்தும் ஈரம் வெளியேற வழியில்லை.

எங்கள் நகரம் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இருந்தது. தண்ணீர் கடின நீர். அந்நாட்டில் நீரின் கடினத்தை அளக்கத் தனி டிகிரிக் கணக்கே உண்டு. லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் ஆக்ஸைடு ஒரு டிகிரி. 14-க்கு மேற்பட்டால் கடின நீர் என்று கொள்வர். சோப்புத்தூள் பெட்டியில் இந்தக் கணக்குப்படியே அளவுகளை அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் குறைவாகப் போட்டால், கறுப்புச் சட்டையில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை படியும். பயந்துகொண்டு அதிகமாகப் போட்டால் நுரை மெத்தையாகத் தாங்கி, துணி அறைந்து விழுவதைத் தடுத்துவிடும்.

விரிவுரைக்கு ஓடிப்போனவர் விட்டுச்சென்ற ஈரத்துணியைப் பிறர் எடுத்து வெளியே வைக்கலாமா என்பதைப் பற்றி எங்களிடையே ஓயாத வாதம் இருந்தது. பத்து நிமிஷம் காத்திருந்து, சுத்தமான கூடையில் வைக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் எடுப்பவர் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே ஒளிந்திருந்த யாரோ ஒருவரின் சிவப்புக் காலுறை, என் வெள்ளைச் சட்டைகள் மூன்றையும் இளஞ்சிவப்பாக்கிவிட்டது.

அதன்பின் வேட்டியை நான் தனியே கையால் அலசி, நிலவறையின் கோடியிலிருந்த கொடி கட்டிய அறைக்குக் கொண்டுபோவேன். எதிர் அறையில் தங்கியிருந்த கொரிய மாணவர், தம் துணியைக் காயப்போட வந்தவர், நான் கேளாமலே அதன் ஒரு தலைப்பைப் பற்றிக்கொண்டு பின்னால் நடந்து போவார்; அந்த அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எட்டு முழமும் விரிய, இருவரும் எதிரெதிரே நின்று நீரை உதறுவோம்.